நன்னீர் நீராடுதுறைகளில் மலமாசும் வைரஸ் சுட்டிகளும்

நீராடுதுறைகளின் மலமாசு பெரும்பாலும் ஈ.கோலை, எண்டரோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளவிடப்படுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012ஆம் ஆண்டுப் பரிந்துரைகளுள் ஒன்று, நன்னீரில் ஈ.கோலையின் பெருக்கல் சராசரி 100 மில்லிலிட்டருக்கு 126ஐ மிஞ்சலாகாது என்கிறது. ஆயினும், நீராடுவோரைத் தாக்கும் குடல்நோய்கள் பலவற்றிற்கு நோரோவைரஸ் போன்ற வைரஸ்களே காரணம். இவை குளோரினேற்றத்தைப் பாக்டீரியாக்களைவிட மிகுதியாகத் தாங்குகின்றன. நீரிலும் நெடுநாள் நிலைக்கின்றன. மறுபுறம், மிச்சிகன் ஏரிக்கரை மணலிலும் கிளாடோஃபோரா பாசியிலும் புதிய மலக்கலப்பு இன்றியே ஈ.கோலை நிலைத்துப் பெருகக்கூடும். ஆகவே பாக்டீரியாவின் குறைவு பாதுகாப்புக்கோ, மிகுதி ஆபத்துக்கோ உறுதியான சான்றாகாது.

இவ்விடைவெளியை நிரப்ப முன்வைக்கப்படுபவை கோலிபேஜ்கள். இவை ஈ.கோலையைத் தாக்குபவை, மனிதருக்கு நோய் தராதவை. கழிவுநீரில் மிகுதியாக உள்ள இவை, அமைப்பிலும் நிலைப்பிலும் குடல் வைரஸ்களைப் பெரிதும் ஒத்தவை. ஓம்புயிர்ப் பாக்டீரியா பரப்பிய அகார்த் தட்டில் இவை உண்டாக்கும் தெளிவட்டங்களை மறுநாளே எண்ணலாம். இதற்கான முறைகளை அம்முகமை 2018இல் வெளியிட்டது. விலங்குக் கழிவிலும் கோலிபேஜ்கள் உள்ளமையால், மனித மலத்தைப் பிரித்தறிய 2014இல் கண்டறியப்பட்ட கிராஸ்பேஜின் மரபணுச் சோதனை துணைநிற்கிறது. ஆனால் அச்சோதனை, தொற்றும் திறனுள்ள வைரஸையும் செயலிழந்ததையும் வேறுபடுத்துவதில்லை. எனவே வைரஸ் சுட்டிகள் பாக்டீரியாச் சோதனைக்கு மாற்றாக அன்றி, அதன் துணையாகவே கொள்ளத்தக்கன.