குரோமியம் கட்டும் கண்ணுக்குத் தெரியாத கோட்டை

செஞ்சிக் கோட்டையைப் பற்றி யாராவது ஒருத்தர் வருஷா வருஷம் எழுதிவிடுகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றையும் வளைத்த மதில், 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்த முகலாயப் படை, 2025-ல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் எல்லாம் நமக்கு மனப்பாடம். நான் எழுதப் போவது வேறொரு கோட்டை. அது நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளர் மேலேயே இருக்கு. அதன் மதிலின் கனம் 2 அல்லது 3 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. முதல் செமஸ்டரில் 'குரோமியம் துருப்பிடிக்காது' என்று படித்துவிட்டு அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கடையில் கிடந்த ஒரு பழைய ஹேண்டில்பாரைக் காட்டி, "அப்போ இதுல இருக்கறது என்னடா?" என்றார். அதற்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் ஒரு விஷயம். குரோமியம் ஆக்சிஜனை வெறுக்கும் உலோகம் இல்லை. இரும்பைவிட அதற்கு ஆக்சிஜன் மேல் ஆசை அதிகம். சுத்தமான குரோமியப் பரப்பில் காற்று பட்ட மாத்திரத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டு, உலோகத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு குரோமியம் அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் ஆக்சைடு உண்டாகிறது. முதலில் அங்கங்கே திட்டுத் திட்டாக. அப்புறம் திட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பரப்பையே மூடிவிடும்.

மூடின பிறகு உலோகம் உள்ளே, ஆக்சிஜன் வெளியே. பிறகு படலம் எப்படி வளரும்? கப்ரேரா, மாட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1949-ல் விளக்கினார்கள். படலத்தின் இரு பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வோல்ட் வித்தியாசம் இருக்கும். ஒரு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு நானோமீட்டர் தூரத்துக்குள் ஒரு வோல்ட் என்றால், சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! அந்த மின்புலம் அயனிகளைப் படலத்துக்குள்ளே இழுத்துச் செல்கிறது. ஆனால் படலம் கனமாக ஆக, அதே ஒரு வோல்ட் அதிக தூரத்துக்குப் பங்கு பிரிகிறது, இழுக்கும் சக்தி குறைகிறது, வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகிறது. சுவர் தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இரும்பும் ஆக்சைடு ஆகத்தானே செய்கிறது, அது ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். பில்லிங், பெட்வொர்த் என்பவர்கள் 1923-ல் ஒரு விகிதம் சொன்னார்கள்: ஆக்சைடின் கன அளவு, அது பிறந்த உலோகத்தின் கன அளவைப்போல எத்தனை மடங்கு என்று. ஒன்றுக்குக் குறைந்தால் படலம் பரப்பை மூடப் போதாது. மக்னீசியம் அப்படி. குரோமியத்துக்கு ஏறக்குறைய 2.07, இரும்புக்கு 2.1. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்! ஆக, பரீட்சைக்கு இந்த விகிதத்தை மட்டும் எழுதினால் விளக்கம் முழுசாகாது. ஈரத்தில் வரும் இரும்புத் துரு தண்ணீரோடு சேர்ந்து, பொருபொருவென்று, ஓட்டை ஓட்டையாக உப்பி உதிர்கிறது. குரோமிய ஆக்சைடோ நெருக்கமாக, இறுகப் பிடித்திருக்கிறது; அதற்குள்ளே அயனி நகர்வது மகா கஷ்டம்.

எவர்சில்வரில் பெரும்பாகம் இரும்புதான். குரோமியம் சுமார் 10.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் இடைவெளி விடாத படலம் அமைகிறது. பாத்திரத்தில் பொதுவாக 18 சதவீதம் வரை இருக்கும். கடைத்தெருவில் காந்தம் வைத்து எவர்சில்வரைச் சோதிக்கிறார்களே, அது நிக்கல் சேர்ந்த படிக அமைப்பா இல்லையா என்பதைத்தான் ஓரளவு சொல்லும். நம்ம ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும், ஆனாலும் துருப்பிடிப்பதில்லை. காரணம் அதிலிருக்கும் குரோமியம்.

டம்ளரில் கீறல் விழுந்தால்? உள்ளிருக்கும் குரோமியம் உடனே காற்றைப் பிடித்துப் புதுச் சுவர் எழுப்பிவிடும். எந்த ராஜாவும் இடிந்த மதிலை இவ்வளவு வேகமாகக் கட்டியதில்லை. ஆனால் உப்பு இதற்கு எதிரி. குளோரைடு அயனி படலத்தின் பலவீனமான புள்ளியைத் துளைத்துவிடும். ஊறுகாயை நாள்கணக்கில் எவர்சில்வரில் வைக்காமல் ஜாடியில் போட்ட அம்மாக்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

வெல்டிங் ஷாப் நண்பர்கள் கவனிக்க: எஸ்.எஸ். கைப்பிடியில் வெல்டு ஓரம் நீலமாய் மாறுகிறதே, அங்கே ஆக்சைடு கனத்து, அதன் அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். பிக்கிளிங் செய்து அதை நீக்கணும். சாதா இரும்பு ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அந்த இடமே துருப்பிடிக்கும்.

இப்போது அப்பாவின் ஹேண்டில்பார். அதன் மேலே குரோமியம் அரை மைக்ரான்கூட இருக்காது. அதில் நுண்ணிய விரிசல்கள் உண்டு. அடியில் நிக்கல் முலாம் போதுமான கனத்தில் இருந்தால் தப்பிக்கும். மலிவாக முடித்திருந்தால் விரிசல் வழியே ஈரம் இரும்பைத் தொடும். பெரிய குரோமியப் பரப்பு கேத்தோடு, ஊசிமுனை அளவு இரும்பு ஆனோடு. அரிப்பு முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான். நீங்கள் பார்க்கும் புள்ளி குரோமியத்தின் துரு அல்ல, அடியில் இருக்கும் இரும்பின் துரு. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ முலாம் போடறவன் ஏமாத்தறான்னு சொல்லு" என்றார். அதுவும் சரிதான்.

நம்மில் பலர் நாளைக்கு முலாம் பட்டறைக்கு வேலைக்குப் போகலாம். அதனால் இதையும் சொல்லணும். படலத்தில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், தண்ணீரில் கரையாது, சாது. பழைய முறைத் தொட்டியில் இருப்பதோ ஆறு இணைதிறன் குரோமியம். அதன் ஆவிப்புகை மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே போட்டுவிடும், நுரையீரல் புற்றுநோயும் வரும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல், நிலத்தடி நீரையே கெடுத்தது. வேலைக்குச் சேரும் முதல் நாளே தொட்டிக்கு மேல் காற்றை உறிஞ்சும் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்று இணைதிறன் கரைசலிலேயே முலாம் பூசும் முறையும் இப்போது வந்திருக்கிறது. பட்டறை முதலாளியிடம் அதைப் பற்றியும் கேளுங்கள்.