குழந்தை கொடுக்கும் கூலி!

குழந்தை வளர்ப்பது லேசான வேலை அல்ல. இரவில் தூக்கம் கிடையாது. பகலில் ஓய்வு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது!

இவ்வளவு பாடுபடுகிற தாய்-தகப்பனுக்கு என்ன கிடைக்கிறது?

"பிள்ளை பெரியவன் ஆகட்டும். சம்பாதித்துப் போடுவான்" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு 20, 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சம்பாதித்துப் போடுவானா, மாட்டானா என்பதும் யாருக்கும் தெரியாது.

அப்படிக் காத்திருக்கத் தேவை இல்லை. குழந்தை தன் கூலியை அன்றாடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒன்று. யார் பக்கத்தில் இருந்து பாடுபடுகிறார்களோ, அவர்கள் கையில்தான் கொடுக்கும்!

தாயின் குரல்

பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறோம். அது சரி அல்ல. தாயின் குரல் அதற்குத் தெரியும். வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்ட குரல் அல்லவா?

1980-ம் ஆண்டில் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறந்து 3 நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் வேறு ஒரு பெண்ணின் குரல் கேட்கும். பெரும்பாலான குழந்தைகள் தாயின் குரல் கேட்கும்படியாகவே சப்பின!

பிறந்த குழந்தைக்குத் தூரத்தில் உள்ளது மங்கலாகத்தான் தெரியும். 8 முதல் 12 அங்குல தூரத்தில் இருப்பது ஓரளவு தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது தாயின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் குழந்தை உலகத்தில் முதன்முதலாக நன்றாகப் பார்ப்பது பெரும்பாலும் தாயின் முகத்தைத்தான்.

முதல் சிரிப்பு

பிறந்த புதிதில் குழந்தை தூக்கத்தில் சிரிக்கும். "நரி விரட்டுகிறது" என்பார்கள் பாட்டிமார்கள். அது யாரையும் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அல்ல.

6 வாரம் முதல் 2 மாதத்துக்குள் வேறு ஒரு சிரிப்பு வரும். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். கண்ணைப் பார்க்கும். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். அதுதான் உங்களுக்காகச் சிரித்த சிரிப்பு!

அதுவரை தூக்கம் கெட்டது, துணி துவைத்துக் கை வலித்தது எல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துபோகும். 4 மாதம் ஆனதும் சத்தம் போட்டே சிரிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாம் கோமாளி வேடம் போடுவார்கள்!

கொழுக்கட்டை எதற்கு?

குழந்தை குப்புற விழுந்தால் சில வீடுகளில் கொழுக்கட்டை செய்வார்கள். யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்ததும் "பல்லுக் கொழுக்கட்டை" உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள்.

இது வெறும் பலகாரம் அல்ல. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் பிழைப்பது இல்லை. 1971-ம் ஆண்டில்கூட, இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது ஆவதற்குள் இறந்தன. 2020-ம் ஆண்டில் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13. தடுப்பு ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், நல்ல தண்ணீர் ஆகியவை குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன.

ஆகவே, முன்பெல்லாம் குழந்தை ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் பெற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். "குழந்தை தேறிவிட்டது" என்று ஊருக்குச் சொல்வது போன்றதுதான் அந்தக் கொழுக்கட்டை.

குழந்தை வளரும் படிகளை நம் புலவர்களும் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். "பிள்ளைத்தமிழ்" என்று ஒரு நூல் வகையே தமிழில் உண்டு. அதில் 10 பருவங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையை ஆட்டுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. முத்தம் கொடுப்பது முத்தம். தளர்நடை போட்டு வருவது வருகை. நிலாவைக் கூப்பிடுவது அம்புலி.

12-ம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், சோழ மன்னனைக் குழந்தையாக நினைத்துப் பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ம் நூற்றாண்டில் குமரகுருபரர், மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடினார். அரசனோ, தெய்வமோ, குழந்தையாகிவிட்டால் தமிழனுக்குக் கொஞ்சத்தான் தோன்றும்!

17 தடவை விழும்!

நடக்கத் தொடங்கிய குழந்தையைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். விழும். எழும். மறுபடியும் விழும்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை எண்ணிப் பார்த்து, 2012-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாகச் சுமார் 2,400 அடி எடுத்து வைக்கின்றன. 17 தடவை விழுகின்றன! நம்மில் யாராவது ஒரு வேலையில் 17 தடவை தோற்ற பிறகு, சிரித்துக்கொண்டே எழுந்து நிற்போமா?

"பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்துவிட்டதே! நம் குழந்தை இன்னும் நடக்கவில்லையே!" என்று சிலர் கவலைப்படுவார்கள். கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட 5 நாடுகளில் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்தது. 8 மாதம் முடிந்ததும் நடந்த குழந்தையும் உண்டு. 17 மாதம் முடிந்து நடந்த குழந்தையும் உண்டு. முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்த குழந்தைகளும் இருந்தன.

18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி, அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருந்தால், உங்கள் குழந்தை எடுத்து வைக்கும் முதல் அடியை ரசிக்க முடியாமல் போய்விடும்.

தகப்பனாருக்கு எவ்வளவு?

முன்பு கூட்டுக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. தகப்பன், பெரியவர்கள் எதிரில் தன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச மாட்டான். வெட்கம்! குழந்தை விழித்திருக்கும்போது வயலில் இருப்பான். வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். பாவம், அவன் பங்கை அவன் வாங்காமலே போய்விட்டான்.

இன்று அந்த வெட்கம் குறைந்துவிட்டது. ஆனாலும், "குழந்தையைக் கவனிப்பது பெண்கள் வேலை" என்று ஒதுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வேலையிலிருந்து மட்டும் தப்பவில்லை. கூலியையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்.

குளிப்பாட்டுகிறவர் கையைத்தான் குழந்தை தட்டி விளையாடும். சோறு ஊட்டுகிறவர் வாயில்தான் தன் எச்சில் பருக்கையை ஊட்டும். தொட்டில் ஆட்டுகிறவர் விரலைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கும்.

துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கும் தகப்பன்மார்கள் குழந்தையின் முதல் நடையைச் செல்போனில்தான் பார்க்கிறார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல, பிழைப்பு. ஆனால் பக்கத்தில் இருந்துகொண்டே பார்க்காமல் இருப்பவர்களும் உண்டே! அதே செல்போன்தான் காரணம்.

சிரிக்காத முகம்

1970-களில் அமெரிக்காவில் எட்வர்டு டிரானிக் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். முதலில் தாயைக் குழந்தையோடு சிரித்து விளையாடச் சொன்னார். பிறகு சில நிமிடம் முகத்தை அசைக்காமல், சும்மா உட்காரச் சொன்னார்.

குழந்தை என்ன செய்தது? முதலில் சிரித்துக் காட்டியது. கையை நீட்டியது. தாயின் முகம் மாறவில்லை. பல குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில அழுதன. தாய் மறுபடியும் சிரித்துப் பேசியதும் தேறிக்கொண்டன.

செல்போனைப் பார்க்கும்போது நம் முகமும் அப்படித்தான் இருக்கிறது! நாள் முழுவதும் குழந்தையையே பார்த்துக்கொண்டு இருக்க யாராலும் முடியாது. ஆனால் பால் கொடுக்கும்போது, சோறு ஊட்டும்போது போனைத் தள்ளி வைக்கலாம் அல்லவா?

குழந்தையின் கையிலும் அதைக் கொடுக்க வேண்டாம். 2 வயது ஆகும்வரை செல்போன், டி.வி. காட்டுவது நல்லது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் கூறியது.

மழலையும் படிப்பும்

ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். "அம்மா", "அப்பா", "மாமா" எல்லாம் உதட்டைச் சேர்த்தால் வந்துவிடும். அதனால் அவை சீக்கிரம் வருகின்றன. சோறு "மம்மு" ஆகும். 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்து, "அப்பா வா" என்று கட்டளை போடும். முதலாளி கூப்பிட்டால்கூட அவ்வளவு வேகமாக நாம் ஓடுவது இல்லை!

5, 6 வயதில் இன்னொரு சந்தோஷம் காத்திருக்கிறது. பஸ் நிலையத்தில் நிற்கிறீர்கள். பிள்ளை பஸ்ஸின் பலகையைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, ஊர்ப் பெயரைப் படிக்கிறது. "அம்மா, இது நம்ம ஊர் பஸ்!" என்று கத்துகிறது.

படிக்காத தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! 1951-ம் ஆண்டில் இந்தியாவில் 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011-ம் ஆண்டில் அது 73 ஆனது. எத்தனையோ வீடுகளில் முதல் எழுத்தைப் படித்தது அந்த வீட்டுக் குழந்தைதான். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தாங்களும் "அ, ஆ" கற்றுக்கொண்ட தாய்மார்கள் உண்டு. மேடையில் பரிசு வாங்கினால்தான் பெருமை என்பது இல்லை.

திரும்ப வராது

இந்தக் கூலியைச் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாக வாங்க முடியாது. முதல் சிரிப்பு ஒரு தடவைதான். முதல் அடியும் ஒரு தடவைதான். மழலை திருந்திப் பேச்சு ஆகிவிட்டால், மறுபடியும் மழலை வராது. அவ்வளவு தூக்கம் கெட்ட மாதங்கள், நினைத்துப் பார்த்தால் ஓடியே போயிருக்கும்.

ஆகவே, இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். கை கால் கழுவிவிட்டு, மனைவியின் கையிலிருந்து சாதக் கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நிலாவைக் காட்டி, குழந்தைக்கு நீங்களே நாலு வாய் ஊட்டுங்கள். சட்டையில் பருப்பு சாதம் கொட்டத்தான் செய்யும். கொட்டட்டும்!