சென்னை – சிங்கப்பூர்: உண்மையில் எத்தனை மணி நேரம்?

சென்னையில் இரவு 11.00 மணிக்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 5.50-க்கு வருகை. திரும்பும்போது அங்கே காலை 8.00 மணிக்குக் கிளம்பினால் 9.50-க்கெல்லாம் சென்னை மீனம்பாக்கம். டிக்கெட்டில் இப்படிப் போட்டிருந்தால், போக 6 மணி 50 நிமிடம், வர 1 மணி 50 நிமிடம் என்றுதானே கணக்கு வரும்? அதே கடல், அதே வகை விமானம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

காரணம் கடிகாரம். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. (முன்பு இரண்டு மணி நேரம்தான். 1982 பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது.) போகும் கணக்கில் இரண்டரையைக் கழியுங்கள், வரும் கணக்கில் கூட்டுங்கள். இரண்டிலும் 4 மணி 20 நிமிடம் வரும்.

இனி தூரம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் ஏறக்குறைய 1,570. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரே சீராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரம். அப்படியானால் மீதி 50 நிமிடம் எங்கே போயிற்று?

டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் வாயில்வரை வருவது எல்லாம் இதில் சேரும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. வானத்திலும் குறித்த வழித்தடங்கள் உண்டு; நினைத்தபடி நேர்கோட்டில் போக முடியாது. தாமதத்துக்கென்று விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்துவைக்கும்.

காற்றும் கணக்கை மாற்றும். லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,500 கிலோமீட்டர். உயரே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டத்தை எதிர்த்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம்; அதே காற்று முதுகில் தள்ள, லண்டன் திரும்ப ஏறக்குறைய 7. பூமத்திய ரேகைக்கு அருகில் அந்தக் காற்றோட்டம் இல்லை. அதனால் சென்னை–சிங்கப்பூர் போக்குவரத்தில் பொதுவாக இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது.

நேர வித்தியாசம் தெரியாத ஊருக்கும் ஒரு சுலபமான வழி உண்டு. போகும்போது டிக்கெட் காட்டும் இடைவெளியையும் வரும்போது காட்டும் இடைவெளியையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு பக்கம் கூடிய கடிகாரம் மறுபக்கம் கழிந்துவிடும். மேலே சொன்ன டிக்கெட்டில் 6.50-உம் 1.50-உம் சேர்ந்து 8 மணி 40 நிமிடம். பாதி 4 மணி 20 நிமிடம். இருக்கையில் உட்கார்ந்திருக்கப்போவது ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.