வழிகாட்டி நூலின் இலக்கணம்

வீடியோ விளையாட்டுகளுள் பாத்திரமேற்று ஆடும் வகை ஒன்று உண்டு. ஆடுபவர் ஒரு கதைமாந்தராகி, ஊர் ஊராகச் சென்று, மக்களோடு உரையாடி, பகைவரை வென்று, படிப்படியாக ஆற்றல் பெறுவார். ஓர் ஆட்டம் முடிய நாற்பது மணி நேரமும் அதற்கு மேலும் செல்லும். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' இவ்வகையை ஜப்பானில் பெருவழக்காக்கிற்று. இத்தகைய ஆட்டத்துள் புகுந்து திகைப்பார்க்கு வழி சொல்ல எழுந்தவையே அச்சு வழிகாட்டி நூல்கள். இவற்றையும் நூலென மதித்து ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். அறியாதவர்க்கு ஒன்றை அறிவிக்கும் பொறுப்பை ஏற்று, அதற்கு விலையும் பெறும் எதுவும் நூலே. அதன் நிறை குறைகளை நோக்குதல் தவறன்று. பாடநூல் எழுதுவோர்க்கும் இதில் கொள்ளத்தக்கது உண்டு.

நல்ல வழிகாட்டியின் முதற்கடமை, மீளமுடியாதவற்றை முன்னரே சொல்லுதல். 2000ஆம் ஆண்டில் வந்த 'ஃபைனல் ஃபேண்டசி 9' என்னும் ஆட்டத்தில் 'எக்ஸ்காலிபர் 2' என்றொரு வாள் உண்டு. ஆட்டம் தொடங்கிய 12 மணி நேரத்துள், இறுதிப் பகுதியாகிய மெமோரியாவில் குறித்த ஓரிடத்தை அடைந்தவர்க்கே அது கிட்டும். இச்செய்தியை மெமோரியாவைப் பற்றிய பக்கத்தில் மட்டும் எழுதிவைத்தால் யாருக்கு என்ன பயன்? அப்பக்கத்தைப் புரட்டும் வேளையில், நின்று நிதானித்து ஆடியவரின் கணக்கில் 12 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். அது நூலின் முதற்பக்கத்தில் நிற்கவேண்டிய செய்தி.

2006ஆம் ஆண்டில் வந்த 'ஃபைனல் ஃபேண்டசி 12' இதனினும் கொடியது. 'சோடியாக் ஸ்பியர்' என்னும் ஈட்டியைப் பிற்பகுதியில் ஒரு பெட்டியிலிருந்து எடுக்க விரும்புவோர், அதற்கு முன்னர் எதிர்ப்படும் நான்கு பெட்டிகளைத் திறவாது விட்டிருத்தல் வேண்டும். எவை அந்த நான்கு என்பதற்கு ஆட்டத்தினுள் குறிப்பே இல்லை. பெட்டியைக் கண்டால் திறப்பதன்றோ ஆட்டக்காரர் இயல்பு! நம் மலைபடுகடாம் கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்துங்கால் வழியின் வளத்தை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், புனங்காவலர் எறியும் கவண்கல் ஆகியவற்றையும் முன்கூட்டியே உணர்த்துகின்றது. வழிகாட்டுவோன் தொழில் அதுவே.

அடுத்தது, எண்ணை மறையாது கூறுதல். மேற்சொன்ன ஒன்பதாம் ஆட்டத்தில் பகைவரிடமிருந்து பொருள்களைத் திருடலாம். சில பொருள்கள் எளிதில் வரும். மிக அரியவை 256 முயற்சிகளுக்கு ஒன்று என்னும் அளவிலேயே வாய்க்கும். "இப்பகைவனிடம் இன்ன பொருள் உண்டு, திருடிக்கொள்க" என்று மட்டும் எழுதும் நூல் பொய் சொல்லவில்லைதான்; எனினும் வாசகரின் ஒரு மாலைப்பொழுதைக் கவர்ந்துகொள்கிறது. 256இல் 1 என்று அறிந்தவரே முயல்வதா விடுவதா எனத் தாமே முடிவு செய்ய வல்லவர்.

இனி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் பிழை. 1997ஆம் ஆண்டில் வந்த 'ஃபைனல் ஃபேண்டசி 7' மூன்று குறுந்தட்டுகளில் அமைந்தது. முதல் தட்டின் முடிவில் முதன்மை மாந்தருள் ஒருவர் இறக்கின்றார். (பெயரை யான் ஈண்டுக் கூறேன்.) அவருக்கு ஊட்டிய ஆற்றல் மருந்துகளெல்லாம் வீணாகும். இதனைச் சொன்னால் கதையின் உயிர் போகும். சொல்லாவிடின் வாசகரின் பொருள் போகும். என் செய்வது? "இம்மருந்துகளை இரண்டாம் தட்டு வரை எவருக்கும் கொடாது சேமித்து வைக்க" என்று ஒருவரி எழுதினால் போதும். இழப்பும் இல்லை, இரகசியமும் உடையாது. இந்த ஒருவரியை எழுதத் தெரிந்தவரையே நான் நல்ல வழிகாட்டி ஆசிரியர் என்பேன். அட்டவணையும் படமும் எவரும் தொகுக்கலாம்.

சுவை பற்றியும் ஒரு சொல். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'எர்த்பவுண்ட்' ஆட்டத்தை விற்ற நிண்டெண்டோ நிறுவனம், அதன் வழிகாட்டியையும் அதே பெட்டியில் இட்டுக் கொடுத்தது. அந்நூல் ஒவ்வோர் ஊரையும் சுற்றுலாக் கையேடு போல அறிமுகப்படுத்தும். சுரண்டினால் மணக்கும் அட்டைகளும் அதில் இருந்தன. ஆட்டத்தின் நகைச்சுவை நூலிலும் தொடர்ந்தமையால், ஆடாத நாளிலும் அதனைப் படிக்கலாம்.

இதற்கு நேர்மாறானது, ஒன்பதாம் ஆட்டத்துக்குப் பிரேடிகேம்ஸ் வெளியிட்ட அதிகாரமுறை வழிகாட்டி. விலை கொடுத்து வாங்கிய அந்நூலில் வேண்டிய விளக்கம் வரும் இடத்திலெல்லாம் ஒரு குறிச்சொல்லே நிற்கும். அதனைப் பிளேஆன்லைன் என்னும் இணையத்தளத்தில் இட்டு விடையைப் பெறுக என்பது ஏற்பாடு. வீட்டில் இணையம் இல்லாதவர் என்செய்வார்? தளம் ஒருநாள் எடுக்கப்படின் அக்குறிச்சொற்கள் பூட்டில்லாத சாவிகளே. வாசகர்கள் இந்நூலை இன்றும் கடிந்து பேசுவது நியாயமே.

பிரேடிகேம்ஸைத் தன்னுள் இணைத்துக்கொண்ட பிரைமா நிறுவனம், தன் வழிகாட்டி வெளியீட்டை நிறுத்துவதாக 2018இல் அறிவித்தது. இணையத்தில் விலையின்றிக் கிடைப்பதை எவர் வாங்குவார் என்பர். ஆயினும் 2022இல் வந்த 'எல்டன் ரிங்' ஆட்டத்துக்கு ஃபியூச்சர் பிரஸ் இரண்டு பெருந்தொகுதிகளை அச்சிட்டது. இன்றைய ஆட்டங்களுக்கோ வெளிவந்த பின்னரும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்று அச்சிட்ட ஆயுதத்தின் வலிமை நாளை மாறலாம். ஆகலின் இக்காலத்து அச்சு நூல் எண்களோடு நில்லாமல், ஒரு பகைவன் எவ்வாறு தாக்குவான், ஏன் அவ்வாறு தாக்குவான் என்பதையும் விரித்துரைத்தல் வேண்டும். எண் மாறினாலும் அப்பகுதி பெரும்பாலும் பயன்படும்.