வானத்திலிருந்து நெருப்பு கேட்ட சீடர்கள்

இங்கிலாந்தில் வேலை செய்யும் அன்பர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர் 22 ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட். விட்டுவிட வேண்டுமென்று தவக்காலம் தோறும் முடிவெடுப்பார்; உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்பே தோற்றுப்போவார். கடைசியில் அங்குள்ள மருத்துவரின் ஆலோசனைப்படி இ-சிகரெட்டுக்கு மாறியிருக்கிறார். 'வேப்' என்பது அங்கே அதற்கு வழங்கும் பெயர். எட்டு மாதம் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை.

ஒருநாள் தமிழ்த் திருப்பலி முடிந்து, ஆலயத்துக்கு வெளியே சாலையோரம் நின்று அதை இழுத்திருக்கிறார். செபக்குழுவில் முன்னணியில் இருக்கும் ஒருவர் வந்து, இவருடைய பிள்ளைகளின் கண்முன்னே, சிறுவர்களைக் கெடுக்கவந்த பிசாசு என்று திட்டித் தீர்த்துவிட்டாராம். அன்று மாலையே இவர் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிவிட்டார்.

"சாமி, ஆறு வருஷம் அதே இடத்துல நின்னு சிகரெட் பிடிச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அதை விட முயற்சி பண்ணினப்பதான் திட்டினாங்க" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மையைச் சொல்வதானால், முதலில் என் மனமும் திட்டியவர் பக்கமே சாய்ந்தது. பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

இன்று நாம் காணும் இ-சிகரெட்டை 2003-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரே அதிகம் புகைபிடித்தவர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்தக் கருவியில் புகையிலை எரிவதில்லை. நிக்கோடின் கலந்த திரவத்தை பேட்டரி சூடாக்க, அது ஆவியாகிறது. சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிவதால் உண்டாகும் தாரும் நச்சு வாயுக்களும்தான். நிக்கோடின் ஆளை அடிமையாக்குகிறது. அப்படியானால் இ-சிகரெட் நல்லதா? இல்லை. அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது, நீண்டகாலப் பாதிப்புகள் முழுதாகத் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். மாம்பழம், புதினா என்று வாசனை சேர்த்து விற்றதில் சிறுவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2019-இல் எடுத்த கணக்குப்படி, உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 27.5 விழுக்காட்டினர் அண்மையில் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புகைக்காதவர் எவரும் இதைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் புகைத்துக்கொண்டிருப்பவரின் கதை வேறு. 2015-இல் இங்கிலாந்தின் பொதுநலத்துறை, இது சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. இந்த எண்ணைக் குறைகூறும் அறிஞர்களும் உண்டு. எண்ணில்தான் சண்டையே தவிர, சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்பதைப் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். 2019-இல் அதே நாட்டில் 886 பேரிடம் நடந்த ஆய்வொன்று வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, நிக்கோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தனர். இ-சிகரெட் பயன்படுத்தியவர்களில் 18 விழுக்காட்டினர். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் அதிலும் தோற்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே 2019-இல் அமெரிக்காவில் பெரும் பீதி எழுந்தது. இளைஞர்கள் நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் மருத்துவமனை சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் கணக்கில் வந்தனர்; அவர்களில் 68 பேர் இறந்திருந்தனர். காரணம் என்ன? நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரைச் சோதித்ததில், 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள் இருந்தது. கள்ளச்சந்தையில் விற்ற கஞ்சா திரவத்தைக் கெட்டியாக்கக் கலந்த பொருள் அது. கடைகளில் விற்கும் சாதாரண நிக்கோடின் திரவத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் மக்கள் மனத்தில் பழி எல்லாவற்றின்மேலும் விழுந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரசபை அந்த ஆண்டு இ-சிகரெட் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. சிகரெட் விற்பனை தொடர்ந்தது. சட்டப்படி கஞ்சா விற்பனையும் தொடர்ந்தது!

நம் நாட்டிலும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் முழுச் சட்டமும் வந்து, இ-சிகரெட் விற்பனை தடைசெய்யப்பட்டது. இளைஞர்களைக் காக்கவே இது என்று அரசு சொன்னது. அந்தச் சட்டத்தை மதிப்பது நம் கடமை. அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரைப் புகையிலை கொல்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பீடிக்கட்டும் சிகரெட்டும் நம் தெருமுனைப் பெட்டிக்கடையில் இருக்கத்தான் செய்கின்றன. நாம் அவற்றைக் கடந்துபோகும்போது நமக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் பழகிவிட்டது. புதியதைக் கண்டால் மட்டுமே கொதிக்கும் மனத்தை நாம் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

வைராக்கியம் வேறு, வெறி வேறு. தன்னைத்தானே வருத்திக்கொண்டு ஒன்றை விட்டுவிடுகிறவனை வைராக்கியசாலி என்கிறோம். வெறி பெரும்பாலும் அடுத்தவன்மேல்தான் பாயும். கொள்கையில் உறுதியாக இருப்பது வெறி அல்ல. புனிதர்கள் எல்லாரும் உறுதியானவர்களே. வெறி கொண்டவனுக்குப் பெரிய தீமை, சிறிய தீமை என்ற வேறுபாடு மறைந்துபோகிறது. பாதிக்கிணறு தாண்டியவனைப் பார்த்து, இன்னும் நீ கிணற்றில்தான் இருக்கிறாய் என்பான். எதிராளி திருந்தினான் என்ற நற்செய்தி வந்தால் அவனுக்கு மகிழ்ச்சி வராது, எரிச்சல்தான் வரும். (இ-சிகரெட்டை ஆதரிப்பவர்களிலும் இந்த நோய் உண்டு. அதில் எந்தக் கெடுதலும் இல்லை என்று சத்தியம் செய்து, மாற்றுக் கருத்துச் சொல்லும் மருத்துவரையெல்லாம் விலைபோனவர் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

அமெரிக்காவில் மதுவிலக்குக்காகப் போராடிய வேய்ன் வீலர் என்பவரின் வாழ்க்கை இதற்கு நல்ல பாடம். சிறுவனாக இருந்தபோது, குடிபோதையில் இருந்த பண்ணையாள் ஒருவரின் கையிலிருந்த வைக்கோல் வாரும் கவை அவர் காலில் குத்தியது. அந்தக் காயம் உண்மை. குடியால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்து அவர் பட்ட வேதனையும் உண்மை. 1920-இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைச் சாராயத்தை மக்கள் திருடிக் குடித்தபோது, அதில் இன்னும் கடுமையான நஞ்சைச் சேர்க்க அரசு உத்தரவிட்டது. பலர் செத்தார்கள். நியூயார்க் நகரின் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி சார்லஸ் நோரிஸ் கொதித்தெழுந்து கண்டித்தார். வீலரோ, குடித்தவர்கள் தெரிந்தே தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தோரணையில் பேசினார். குடிகாரனைக் காப்பாற்றப் புறப்பட்டவர், குடிகாரனின் சாவுக்குக் காரணம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். எந்த நாளில் அவர் மாறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இந்த விஷயத்தில் நம் திருச்சபைக்கும் அனுபவம் உண்டு. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான், ஸ்பெயின் நாட்டின் செவில் மறைமாவட்டத்தில் ஆலயங்களுக்குள் புகையிலை பயன்படுத்துவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று ஆணையிட்டார். திருப்பலி நடுவே பொடி போட்டுத் தும்முவதை யார்தான் பொறுப்பார்! ஆனால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இல்லை. புனித பேதுரு பேராலயத்தில் இருந்த இதேபோன்ற தடையை, 1725-இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் நீக்கினார். இன்றைய மறைக்கல்வி ஏடு (எண் 2290) உணவு, மது, புகையிலை, மருந்து ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, அளவு மீறுதலைத் தவிர்க்கச் சொல்கிறது. விருந்தில் மூன்றாம் முறை பிரியாணி கேட்கும் நமக்கும் அதே எண்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். ஆண்டுதோறும் கிடைத்துவந்த வருமானத்தை அவர் விட்டுக்கொடுத்தார். புகைப்பவர் யாரையும் சபிக்கவில்லை.

இயேசுவை ஏற்க மறுத்த சமாரியரின் ஊரைக் கண்டதும், வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து அழிக்கலாமா என்று கேட்டவர்கள் யாக்கோபும் யோவானும் (லூக்கா 9:51-56). அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆண்டவரை நேசித்தவர்கள். அவர்கள் மனத்தில் எலியாவின் நினைவும் இருந்திருக்கலாம். இயேசு திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டார். ஊர்க்காரர்களைக் கடிந்துகொண்டதாக லூக்கா எழுதவில்லை. பிறகு எல்லாரும் வேறோர் ஊருக்கு நடந்துபோனார்கள். அதே யோவானுக்கு எபேசு நகரில் முதிர்ந்த வயதில் அன்பைத் தவிர வேறு பேச்சே இல்லை என்பது மரபு; நெருப்பு கேட்டவர் அந்த இடத்துக்கு வர எத்தனை ஆண்டுகள் பிடித்தனவோ.

நம் அன்பர் ஊரிலிருந்து திரும்பியபின் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். சிகரெட்டை மறுபடியும் விட்டுவிட்டாராம். திரவத்தில் நிக்கோடின் அளவை 18 மில்லிகிராமிலிருந்து 6-க்குக் குறைத்திருக்கிறார். திருப்பலிக்குத் தவறாமல் போகிறார். முடிந்ததும் எல்லாரும் தேநீருக்காக ஆலயக் கூடத்துக்குப் போக, இவர் மட்டும் பின்பக்கம் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். இவர் திரும்பி வருவதற்குள் தேநீர் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்களாம்.