வாசித்தும் பேசியும் வளர்ந்த மாதர் சங்கங்கள்

சென்னையில் சாரதா மகளிர் சங்கம் 1912ல் தொடங்கியது. இல்லத்தரசிகளும் பிற பெண்களும் ஓரிடத்தில் கூடிச் சொற்பொழிவு கேட்கவும், கேட்டதைப் பற்றிப் பேசவும், மேற்கொண்டு படிக்கவும் வழி செய்வதே அதன் நோக்கம். தொடங்கியவர் மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே கணவரை இழந்த அவர், 1911ல் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே.

1911ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்தான். பருவமெய்துமுன் கல்யாணம், அத்தோடு படிப்புக்கு முழுக்கு என்பதே பல குடும்பங்களின் வழக்கம். பள்ளியைத் தாண்டிவிட்ட வயதில் இருந்த பெண்ணுக்கு மறுபடியும் பள்ளி வாசல் திறக்காது. சங்கத்துக்கு வயது வரம்பு இல்லை, தேர்வு இல்லை. வீட்டு வேலை ஓய்ந்த பிற்பகலில் வந்து உட்கார்ந்தால் போதும். எழுத்து தெரிந்த ஒருத்தி வாசித்தால் தெரியாத பத்துப் பேரும் கேட்டுப் பேசலாம். பாராயணமும் கதாகாலட்சேபமும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது புதிதல்ல. கேட்டபின் எதிர்க்கேள்வி கேட்கலாம் என்பதுதான் புதிது.

அடையாறில் 1917 மே 8 அன்று பிறந்த இந்திய மாதர் சங்கம் இதைப் பெரிய அளவில் செய்தது. அன்னி பெசன்ட் தலைவர். டோரதி ஜினராஜதாசாவும் அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸும் முன்னின்று நடத்தினார்கள். இவர்கள் சார்ந்திருந்த பிரம்மஞான சபையின் செல்வாக்கு அதில் வெளிப்படையாகவே இருந்தது. முதல் ஆண்டிலேயே 33 கிளைகள் உருவாயின. சமயம், கல்வி, அரசியல், அறப்பணி என நான்கு துறைகளில் எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்தக் கிளையே முடிவு செய்துகொண்டது. எழுத்து, தையல், முதலுதவி வகுப்புகளும் நடந்தன. சங்கத்தின் இதழான 'ஸ்திரீ தர்மம்' 1918 முதல் 1936 வரை வந்தது. ஆங்கிலமே அதில் மிகுதி என்றாலும், இந்திய மொழிகளுக்கும் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன.

பேச்சு சீக்கிரமே அரசியலுக்குத் திரும்பியது. 1917 டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற பெண்கள் குழு வாக்குரிமை கேட்டது. ஆண்களுக்கு எந்த விதியோ அதுவே தங்களுக்கும் என்பது கோரிக்கை. 1921ல் சென்னைச் சட்டமன்றம் அதை ஏற்றது; இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் இதுவே. சொத்துத் தகுதி இருந்ததால் பெண்களில் மிகச் சிலருக்கே அந்த வாக்கு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927ல் சட்டமன்றத்துக்குள் நுழைந்து துணைத்தலைவரானார். சங்கத்தில் பேசிப் பேசிப் பழுத்த குழந்தை மணம், தேவதாசி முறை ஆகியவை அவர் வழியே சபையேறின.

இதெல்லாம் மேல்தட்டில் நடந்தது. தெருவில், திண்ணையில் நடந்த வாசிப்புக்கு வை.மு. கோதைநாயகியை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த அவருக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். அக்கம்பக்கத்தாருக்குக் கதை சொல்வதில் வல்லவர். எழுத்துத் தேர்ச்சி குறைவு. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தோழி ஒருவர் எழுத, இவர் சொல்லியே முடித்தார். 1925ல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். வாய்க்கதை கேட்ட கூட்டமே அவருடைய முதல் வாசகர் வட்டம் என்று சொல்லலாம்.

சங்கங்களுக்கு ஒரு குறையும் உண்டு. நகரத்தில், அதுவும் உயர்சாதி நடுத்தரக் குடும்பங்களில் இருந்தே பெரும்பாலான உறுப்பினர்கள் வந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிற்பகல் ஓய்வு என்று ஒன்று இருந்ததில்லை. சேவையின் பயனாளியாக அவள் உள்ளே வந்தாள். கலந்து பேசும் உறுப்பினராக அரிதாகவே வந்தாள்.

ஆனாலும் கூடிப் பேசியவர்கள் பேச்சோடு நிற்கவில்லை. சாரதா மகளிர் சங்கம் நடத்திய சாரதா வித்யாலயா பள்ளி 1938ல் ராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்குப் போய், இன்றும் தியாகராய நகரில் நடக்கிறது. வயது வந்த பெண்களுக்கென்றே மயிலாப்பூரில் 1942ல் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தை சுப்புலட்சுமி தொடங்கினார். படிப்பை இடையில் விட்டவர்கள் அங்கே தொடர்ந்து படித்தார்கள். 1954 முதல் 1956 வரை அவர் தலைவராக இருந்த மயிலாப்பூர் மாதர் சங்கம் 1956ல் வித்யா மந்திர் பள்ளியைத் திறந்தது.

கிராமத்துக்கு இந்த வேலை தாமதமாகத்தான் போனது. தாம்பரத்துக்கு அருகிலுள்ள மாடம்பாக்கத்தில் 1954ல், அறுபத்தெட்டு வயதில், சுப்புலட்சுமி சமூக சேவை மற்றும் மகளிர் நல மையம் ஒன்றை நிறுவினார். அதே பத்தாண்டில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரசே ஊர்தோறும் மாதர் சங்கங்களை அமைக்கத் தொடங்கியது. 1989ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் வந்தபோது கூட்டத்தின் மையம் சேமிப்பும் கடனுமாக மாறியிருந்தது. புத்தகத்தின் இடத்தில் கணக்கு நோட்டு வந்தது. அதை வாசித்துக் காட்டவும் குழுவில் எழுத்து தெரிந்த ஒருத்தி தேவைப்பட்டாள்.