மல்லிகைக்கு இரக்கம் காட்டாதீர்கள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் புறப்படுகிறீர்கள். கொல்லையில் ஆளுயரத்துக்கு மல்லிகைப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் தலையில் வைக்கப் பத்துப் பூக் கிடையாது! தெருக்கோடியில் முழம் பூ வாங்கிக்கொண்டுதான் போகிறீர்கள்.

இந்த அவஸ்தை உங்கள் வீட்டிலும் உண்டா, சகோதரி? குற்றம் செடியின் மேல் இல்லை. உங்கள் இளகிய மனசின் மேல்தான்.

“மாமியார் கையால் வைத்த செடியாயிற்றே, அதில் கத்தரி வைக்கலாமா?” என்று தயங்குகிறீர்கள். வைக்கத்தான் வேண்டும். மல்லிகை மொட்டு விடுவது புதுத் துளிரின் நுனியில். பழைய தண்டை வெட்டினால்தான் புதுத் துளிர் நிறைய வரும். வெட்டாத செடி வெறும் விறகாகிவிடும்.

குண்டு மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் ஏற்றது. மழை விட்ட நாளாகப் பார்த்து, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு, அதாவது முழத்துக்குச் சற்று மேல் விட்டு, மற்றதை வெட்டிவிடுங்கள். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். உயரம் 45 செ.மீ., சரியாக ஒரு முழம். காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது, எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மீந்த இலைகளையும் உருவிவிட்டு, தொழு உரம் இட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மொட்டு விடும் பங்குனி, சித்திரையில் மட்டும் கத்தரியைத் தொடாதீர்கள்!

கத்தரி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, ஒரே வெட்டு.

ராயபுரத்து மாடித் தொட்டிகளுக்கும் இதே காலம்தான். உயரத்தை மட்டும் தொட்டிக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். செம்பருத்தியை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். அதுவும் புதுக் கிளையில்தான் பூக்கும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம். கடற்காற்றின் உப்புப் பட்டால் இலை ஓரம் கருகும். எண்ணூர்ப் பக்கத்தில் சாம்பல் தூசியும் சேர்ந்து படியும். நோய் என்று பயந்து அகாலத்தில் வெட்ட வேண்டாம். விடியற்காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

அரளியிடம் மட்டும் ஜாக்கிரதை! அதன் பால், இலை, தண்டு எல்லாமே விஷம். வெட்டியதும் கையை நன்றாகக் கழுவுங்கள். கழிவைத் தெருவில் எறியாதீர்கள். ஆடு மாடு தின்றால் உயிருக்கே ஆபத்து. அடுப்பிலும் வைக்கக்கூடாது, புகையும் கெடுதல்.

வெட்டிய பிறகு சில நாள் மொட்டைக் குச்சிகளைப் பார்க்க மனசு சங்கடப்படும். பொறுத்திருங்கள். சித்திரையில் கூடை நிறையப் பறிப்பீர்கள். முதல் சரத்தை மாமியார் படத்துக்குச் சாத்துங்கள். செடியை வெட்டியதற்கு அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார்!